திராட்சைத் தோட்டமும் ஒயின் சாலையும்
கடையநல்லூர்க் குடியானவர் முன்னதாக யோசிக்க வேண்டியவை

பயிர்த்தொழில் செய்வோர் புதுப்பயிர் ஒன்றைக் கைக்கொள்ளுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுதல் அவசியம். அப்பயிர் தம் நிலத்தில் செவ்வனே விளையுமா? விளைந்ததை வாங்குவோர் யாவர்? வாங்குவோர் இல்லாத ஆண்டில் கதி யாது? முதற் கேள்வியைப் பலரும் கேட்கின்றனர். இரண்டாவதைச் சிலரே கேட்கின்றனர். மூன்றாவதைக் கேட்பவர் மிக அரியர். நிலம் கடனில் மூழ்குவது பெரும்பாலும் இம்மூன்றாவது கேள்வியைக் கேளாமல் விட்ட குடும்பங்களிலேயே என்பது கிராமங்களை அறிந்த எவருக்கும் தெரிந்த விஷயம்.

தென்காசி ஜில்லாவின் மேற்கு அடிவாரத்துக் கிராமங்களில் கார், பிசானம் என்னும் இரு போக நெல்லையும், தென்னை, மா, எலுமிச்சை முதலிய தோட்டப் பயிர்களையும் நம்பிவந்த குடும்பங்கள் பல, கூலியும் உரவிலையும் ஏறியபின் வேறு வருவாய்க்கு வழி தேடுகின்றன. கடையநல்லூர்ப் பக்கத்தாரில் அநேகர் சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைத்துப் பொருள் சேர்த்தவர்கள். அப்பொருளை நிலத்தில் முடக்க விரும்புவோரும் அவர்களுள் உண்டு. இங்கிலாந்தில் உழவர் குடும்பங்கள் திராட்சைத் தோட்டம் வைத்து, தாமே ஒயின் சாலையும் நடத்திப் பேர்பெற்ற செய்தி இத்தகையோர் காதில் விழும்போது, குளிர் மிகுந்த அந்நாட்டிலேயே இது கைகூடுமாயின் வெயில் மிகுந்த நம் நாட்டில் ஏன் கைகூடாது என்ற எண்ணம் எழுவது இயல்பே.

இவ்விஷயத்தில் முடிவான அபிப்பிராயம் ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் நலம். கடையநல்லூர்ப் பக்கத்தில் திராட்சைக் கொடியைச் சிறு அளவில் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒயின் சாலையை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்காகக் கொடி நடுவது தகாது. கொடி வளர்ப்பது ஒரு தொழில். ஒயின் செய்து விற்பது முற்றிலும் வேறொரு தொழில். முதற் தொழிலில் ஊன்றி நிற்காத குடும்பம் இரண்டாவதில் கால் வைத்தால் இரண்டையும் இழக்க நேரும். இதற்குரிய காரணங்கள் பின்வருமாறு.

இங்கிலாந்து காட்டும் உதாரணம்

இங்கிலாந்தில் திராட்சையை வியாபார நோக்கத்தோடு பயிரிடும் முயற்சி 1952ஆம் ஆண்டில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த ஹாம்பிள்டன் கிராமத்தில் தொடங்கியது. சர் கை சாலிஸ்பரி ஜோன்ஸ் என்னும் ஓய்வுபெற்ற படைத்தலைவர் தம் வீட்டை அடுத்த சரிவில் அங்குக் கொடிகளை நட்டார். அதன்பின் 1988இல் சஸ்ஸெக்ஸ் பகுதியில் நைடிம்பர் என்னும் பழைய பண்ணையில் அமெரிக்கரான மாஸ் தம்பதியர், பிரான்சிலுள்ள ஷாம்பெய்ன் பிரதேசத்தின் ஜாதிக் கொடிகளையே நட்டனர். 1989இல் கார்ன்வால் பகுதியில், முன்னர் விமானப்படையில் பணிபுரிந்த பாப் லிண்டோவும் அவர் மனைவியும் ஆடுமாடு வளர்த்துவந்த தம் பண்ணையில் 8,000 கொடிகளை நட்டு, காமல் வாலி என்னும் பெயரில் ஒயின் செய்யலாயினர். பிற்காலத்தில் அவர்கள் மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார்.

இக்குடும்பங்களின் வெற்றியைக் கூறுவோர் அதன் பின்னே நின்ற காரியங்களைக் கூறுவதில்லை. முதலாவது மண். தெற்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புப் பாறை நிலம், கடலுக்கு அப்பால் ஷாம்பெய்ன் பிரதேசத்தில் உள்ள நிலத்தோடு ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தது. நீரை வடியவிட்டு, வேண்டிய ஈரத்தை மட்டும் தாங்கி நிற்கும் தன்மை அதற்கு உண்டு. இரண்டாவது பொறுமை. நைடிம்பரில் 1988இல் நட்ட கொடியின் 1992ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த ஒயினுக்குப் பரிசும் புகழும் கிடைத்தது 1997இல். நட்ட நாளுக்கும் பெயரெடுத்த நாளுக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. அத்தனை ஆண்டுகள் வருவாயை எதிர்பாராமல் செலவிடக் கையிருப்பு உடையவர்க்கே அத்தொழில் உரியதாயிற்று.

மூன்றாவது நஷ்டத்தைத் தாங்கும் வலிமை. 2012ஆம் ஆண்டின் குளிரும் மழையும் காரணமாகப் பழம் தரமாகப் பழுக்கவில்லையென்று, அவ்வாண்டு ஒரு புட்டி ஒயினும் செய்வதில்லையென அதே நைடிம்பர் நிறுவனம் அறிவித்தது. ஓராண்டு முழுதும் வருவாயின்றி இருந்தும் அந்நிறுவனம் அழியவில்லை. ஐந்து ஏக்கரை அடகு வைத்துத் தொழில் தொடங்கிய குடும்பத்திற்கு அத்தகைய ஓராண்டு போதும்.

நான்காவது, யாவற்றிலும் முக்கியமானது, தொழிலைப் பகிர்ந்துகொள்ளும் முறை. 2024ஆம் ஆண்டுக் கணக்கில் பிரிட்டனில் திராட்சைத் தோட்டங்கள் 1,000க்கு மேற்பட்டிருந்தன. ஒயின் சாலைகளோ 200க்குச் சற்று அதிகமாகவே இருந்தன. ஐந்து தோட்டங்களுக்கு ஒரு சாலை என்னும் விகிதமே அங்கும் நிலவுகிறது. மற்ற தோட்டக்காரர்கள் பழத்தை விற்றுவிடுகின்றனர். அல்லது பிறர் சாலையில் கூலி கொடுத்து ஒயின் செய்துகொள்கின்றனர். செல்வம் மிகுந்த அந்நாட்டிலேயே உழவரில் பெரும்பாலோர் சொந்தச் சாலை கட்டவில்லை என்பதை இங்குள்ளோர் கவனித்தல் வேண்டும்.

நாசிக்கில் நடந்தது

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிகள் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தின் நாசிக் பக்கத்தில், அமெரிக்காவில் படித்துத் திரும்பிய ராஜீவ் சாமந்த் என்பவர் தம் குடும்ப நிலத்தில் மா முதலிய பயிர்களை முயன்று பார்த்து, பின்னர் 1997இல் ஒயினுக்குரிய திராட்சை ஜாதிகளை நட்டார். கலிபோர்னியாவைச் சேர்ந்த கெரி டாம்ஸ்கி என்னும் நிபுணரின் ஆலோசனையோடு அவர் செய்த சூலா என்னும் ஒயின் 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 2001இல் மகாராஷ்டிர சர்க்கார் திராட்சை பதனிடும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை வகுத்து, ஒயினுக்குக் கலால் வரிச் சலுகை அளித்தது. சூலாவின் பங்குகள் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தன. இது வெற்றியின் கதை.

அதன் மறுபக்கம் வேறு. சர்க்கார் சலுகையைக் கண்டு நாசிக், சாங்லி ஜில்லாக்களில் அநேக சாலைகள் எழும்பின. அவற்றை நம்பி அநேக குடியானவர்கள் உண்ணும் திராட்சையை விட்டு ஒயின் திராட்சையை நட்டனர். 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார மந்தமும், அவ்வாண்டு நவம்பரில் மும்பையில் நடந்த தாக்குதலுக்குப்பின் விடுதிகளில் கூட்டம் குறைந்ததும் சேர்ந்து, ஒயின் விற்பனை சரிந்தது. சாலைகளில் சரக்கு தேங்கியது. முன்னோடியாய் விளங்கிய பெரிய கம்பெனியொன்றே கடனில் மூழ்கியது. சாலைக்காரர் பழம் எடுக்க மறுத்தபோது குடியானவரின் நிலை என்னவாயிற்று? ஒயின் திராட்சையின் மணி சிறிது, தோல் தடிப்பு, விதை அதிகம். அதனைத் தெருவில் கூவி விற்றாலும் வாங்குவார் இல்லை. ஆகவே பலர் காய்த்து நின்ற கொடிகளையே வெட்டிப் பிடுங்கி எறிந்தனர்.

ஒரே வாங்குவோரை நம்பி, வேறெதற்கும் உதவாத பொருளை விளைப்பது எத்தகைய ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சலுகை அளித்த சர்க்கார் கொடியின் விலையைக் கொடுக்கவில்லை. சாலை கட்டியவரும் கொடுக்கவில்லை. அந்த நஷ்டம் முழுவதும் நிலத்தோடு நின்றுவிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கின் அனுபவம்

கடையநல்லூருக்கு மிக அருகிலுள்ள உதாரணம் தேனி ஜில்லாவைச் சேர்ந்த கம்பம் பள்ளத்தாக்காகும். அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ப்புறத்தில், வடக்கே அமைந்துள்ள அப்பிரதேசத்தில், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி முதலிய கிராமங்களில் பன்னீர் திராட்சை பரவலாகப் பயிராகிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் மேனாட்டுப் பெயர். 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் மூலம் இது தமிழ்நாட்டிற்கு வந்ததாகக் கூறப்படுகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இயங்குகிறது.

இங்கிலாந்தில் கொடி குளிர்காலம் முழுதும் உறங்கும். ஆண்டுக்கு ஒரே மகசூல். நம் வெப்ப நாட்டில் கொடிக்கு உறக்கமில்லை. ஆகையால் கவாத்து செய்யும் காலத்தைக் கொண்டே மகசூலின் காலத்தை நிர்ணயிக்கலாம். மார்கழி, தை மாதங்களில் கவாத்து செய்தால் சித்திரையை ஒட்டி ஒரு மகசூல். வைகாசி, ஆனியில் கவாத்து செய்தால் ஆவணி, புரட்டாசியில் மறு மகசூல். இவ்விரண்டும் சேர்ந்து ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 30 டன் வரை பன்னீர் திராட்சை எடுக்கலாமெனப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு கூறுகிறது. ஏக்கர்க் கணக்கில் இது சுமார் 12 டன்.

கம்பத்துக் குடியானவரின் பலம் யாதெனில், அவர் பழம் பழமாகவே விற்கத் தக்கது என்பதே. தமிழ்நாட்டுச் சந்தைகளும் மலைக்கு அப்பாலுள்ள கேரளச் சந்தைகளும் அதனை வாங்குகின்றன. அப்பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையிலிருந்து ஒயின் செய்யும் சாலையும் ஏற்பட்டது. ஆயினும் பள்ளத்தாக்கு அதை நம்பி நிற்கவில்லை. அவரது பலவீனமும் உண்டு. பன்னீர் திராட்சை பறித்தபின் நெடுநாள் தாங்காது. மணிகள் குலையிலிருந்து உதிரும். வரத்து மிகுந்த வாரத்தில் வியாபாரி சொன்னதே விலையாகிறது. இந்த உபரிப் பழத்திற்கு ஒரு போக்கிடம் வேண்டுமென்பது உண்மையே. அப்போக்கிடம் ஒயின் சாலையாகத்தான் இருக்க வேண்டுமா என்பதே ஆராயத்தக்கது.

கடையநல்லூரின் மண்ணும் காற்றும்

கம்பத்தில் விளைவது கடையநல்லூரிலும் விளையுமென்று எளிதில் சொல்லிவிட இயலாது. திராட்சைக்கு நீர் வடியும் வண்டல் கலந்த செழுமையான நிலம் வேண்டும். மண்ணின் அமிலகார நிலை 6.5 முதல் 7 வரை இருத்தல் நன்று; உப்புத்தன்மை கூடாது. மலையடிவாரத்துச் செம்மண் தோட்டக்கால்களில் சில இதற்குப் பொருந்தலாம். கருப்பாநதிப் பாசனத்திலும் குளத்துப் பாசனத்திலும் உள்ள களிப்புக் கலந்த நஞ்சை நிலங்கள் இதற்கு உதவா. வேரில் நீர் தேங்கினால் கொடி நில்லாது. நெல் விளையும் நஞ்சையை மேடாக்கிப் பந்தல் போடுவது, மீண்டும் திருத்த முடியாத காரியம் என்பதையும் மறக்கலாகாது.

வானிலை இன்னும் முக்கியம். ஆனி முதல் ஆவணி வரை செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்றும், குற்றாலத்தை நிறைக்கும் சாரலும் இவ்வடிவாரத்தின் சிறப்பு. அருவிக்கு நன்மையான அச்சாரல் திராட்சைக்குத் தீமை. தளிரும் பூவும் ஈரத்திலேயே இருக்குமாயின் அடிச்சாம்பல் நோய் பற்றும், குலை அழுகும், காற்று தளிரை முறிக்கும். ஆகையால் கம்பத்தார் எடுக்கும் இரண்டாம் மகசூல் கடையநல்லூருக்கு மேற்கே, மலையை ஒட்டிய நிலங்களில் எளிதில் கைகூடாது. மார்கழி, தையில் கவாத்து செய்து கோடையில் எடுக்கும் மகசூல் ஒன்றையே உறுதியாகக் கணக்கில் வைப்பது விவேகம். சாரல் குறைந்த கிழக்குப் புறத்துத் தோட்டங்கள் இதற்கு ஓரளவு மேலானவை. ஆனால் அங்கு நீருக்குக் கிணற்றையே நம்ப வேண்டும். மலையோரத்தில் யானையும் பன்றியும் இறங்கும் உபத்திரவமும் உண்டு. தென்னையையே சாய்க்கும் யானைக்குக் கல்தூணும் கம்பிப் பந்தலும் தடையாகா.

நோய்க்கு மருந்து உண்டு. பாக்கு, மிளகுத் தோட்டக்காரர்கள் நன்கறிந்த போர்டோ கலவை உண்மையில் திராட்சைக்காகவே பிறந்தது. 1885இல் பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, அடிச்சாம்பல் நோயைத் தடுக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீரின் பலனை வெளியிட்டார். ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, இரும்புப் பாத்திரம் தவிர்த்துக் கலந்து, உடனே தெளிப்பது முறை. தீட்டிய கத்தியைக் கலவையில் தோய்த்துப் பார்க்கையில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாதென்று அறிந்து இன்னும் சேர்க்க வேண்டும். ஆனால் மழை கழுவிச் செல்லும் ஒவ்வொரு முறையும் தெளிப்பைத் திரும்பச் செய்தாக வேண்டும். சாரல் நாட்டில் அச்செலவைச் சிறிதென்று எண்ணலாகாது.

சட்டமும் சந்தையும்

ஒயின் சாலைக்கு எதிரான மிகப் பெரிய காரணம் மண்ணிலும் வானத்திலும் இல்லை. சட்டத்திலும் சந்தையிலும் உள்ளது. இங்கிலாந்தின் பண்ணைக்காரர் உரிமம் பெற்றுத் தம் தோட்டத்திற்கு வரும் விருந்தினர்க்கே ஒயினை விற்கலாம். இடைத்தரகர் லாபமும் அவர்க்கே சேரும். தமிழ்நாட்டிலோ 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. உரிமமின்றித் திராட்சைச் சாற்றை நொதிக்கவைத்து மதுவாக்குவது, வீட்டு உபயோகத்திற்கே ஆயினும், குற்றமாகும். உரிமம் பெற்றுச் செய்த சரக்கையும் குடியானவர் தம் வாசலில் விற்க இயலாது. 1983இல் ஏற்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமாகிய டாஸ்மாக்கே மொத்த வியாபாரத்தைக் கொண்டுள்ளது. 2003 முதல் சில்லறைக் கடைகளும் அதன் வசமே. ஆக, ஒயின் சாலைக்காரர்க்கு இந்நாட்டில் வாங்குவோர் ஒருவரே. நாசிக்கில் பல சாலைகள் வாங்கியும் குடியானவர் கெட்டனர் என்றால், வாங்குவோர் ஒருவரேயான இடத்தில் அபாயம் எவ்வளவென்று விளக்க வேண்டியதில்லை.

இதனோடு காலத்தையும் எண்ண வேண்டும். பந்தலில் ஏறிய திராட்சைக் கொடி 15, 20 ஆண்டுகள் பலன் தரும். மதுவைப் பற்றிய சர்க்கார் கொள்கைக்கு அத்தனை ஆயுள் இருந்ததில்லை. 1937இல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு தொடங்கியது, 1948இல் ராஜதானி முழுவதும் பரவியது, 1971இல் தளர்த்தப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மீண்டும் நீங்கியது. 2016இலும் 2023இலும் ஐந்நூறு ஐந்நூறு கடைகள் மூடப்பட்டன. அரசியலமைப்புச் சட்டத்தின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு சர்க்காருக்கு நெறி வகுத்துள்ளது. இக்கொள்கை நன்றா தீதா என்பது இங்கு ஆராயும் பொருளன்று. ஒரு கொடியின் ஆயுளுக்குள் இருமுறை மாறக்கூடிய கொள்கையின்மேல் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் கட்டிவைக்கலாமா என்பதே கேள்வி.

ஊராரின் மனமும் ஒரு பொருட்டே. கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் திரளாக வாழும் ஊர். மதுவை மார்க்கம் விலக்கிய பொருளாகக் கொள்வோர் அவர்கள். மற்றச் சமூகத்தாரிலும் குடியினால் குடும்பம் கெட்டதைக் கண்ட பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. ஒயின் வேறு, சாராயம் வேறு என்று வாதிக்கலாம். ஆயினும் அண்டையாரின் நல்லெண்ணத்தை இழந்து நடத்தும் தொழிலுக்குக் கூலியாளும் கிடையார், நிம்மதியும் கிடையாது.

கணக்கு சொல்வது

உணர்ச்சியை விட்டுக் கணக்கைப் பார்த்தாலும் முடிவு மாறுவதில்லை. 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 670 கொடிகள் பிடிக்கும். பன்னீர் திராட்சை 12 டன் கிடைத்தால், முக்கால் லிட்டர் புட்டி ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ பழம் என்ற கணக்கில் ஏக்கருக்கு 8,000 புட்டிகள் ஆகும். ஆனால் அவ்வளவு பாரம் சுமந்த கொடியின் பழத்தில் சர்க்கரை குறையும். ஒரு லிட்டர் சாற்றில் 17 கிராம் சர்க்கரை இருந்தால்தான் நூற்றுக்கு ஒரு பங்கு மதுச்சத்து உண்டாகும்; 12 பங்கு வேண்டுமாயின் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டும். ஆகையால் நல்ல ஒயினை விரும்புவோர் குலைகளைக் குறைத்து, ஏக்கருக்கு 4, 5 டன்னோடு நிறுத்திக்கொள்வர். அப்போது கிடைப்பது சுமார் 3,000 புட்டிகளே.

மகசூல் வருவதோ சித்திரை வெயிலில். அவ்வெப்பத்தில் சாறு தானே கொதித்தெழுந்து கெடும். குளிரூட்டிய எஃகுத் தொட்டிகள், இடையறாத மின்சாரம், சோதனைச் சாலை, கற்ற நிபுணர், புட்டி, மூடி, கலால் கட்டணம் ஆகிய இவையனைத்தும் 3,000 புட்டிக்கும் வேண்டும், மூன்று லட்சம் புட்டிக்கும் வேண்டும். பெரிய சாலைக்குப் பங்கிட்டால் சிறிதாய்த் தோன்றும் இச்செலவு, சிறு குடும்பத்தின் சாலையில் தலைக்குமேல் வெள்ளமாகும்.

பழச்சாறு என்னும் மாற்றுவழி

உபரிப் பழத்திற்குப் போக்கிடம் வேண்டுமென்ற கேள்விக்கு 1869ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கிடைத்துள்ளது. அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் வசித்த தாமஸ் வெல்ச் என்னும் பல் மருத்துவர், மதுவை வெறுத்த மெதாடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். கோயில் வழிபாட்டிற்கு நொதிக்காத திராட்சைச் சாறு வேண்டுமென்று விரும்பி, லூயி பாஸ்டர் கண்டறிந்த முறையைப் பின்பற்றி, பிழிந்த சாற்றைப் புட்டியில் அடைத்து வெந்நீரில் சூடாக்கினார். நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மடிந்தன. சாறு கெடாமல் நின்றது. அவர் மகன் அதனைப் பெருந் தொழிலாக்கினார். அங்குத் திராட்சை பயிரிட்ட குடியானவர்களுக்கு மதுச் சாலையை எதிர்பாராத சந்தை ஒன்று உண்டாயிற்று.

இவ்வழி கடையநல்லூருக்கு மிகவும் பொருத்தமானது. பன்னீர் திராட்சையின் மணமும் நிறமும் சாற்றிற்கே தகுந்தவை. பழச்சாற்றுக்கு மதுவிலக்கு உரிமம் வேண்டுவதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பதிவோ உரிமமோ போதும். குற்றாலத்திற்கு ஆண்டுதோறும் திரண்டு வரும் யாத்திரிகரே அருகிலுள்ள சந்தை. அதே சாலையில் திராட்சை இல்லாத மாதங்களில் புளியங்குடி எலுமிச்சையையும் உள்ளூர் மாம்பழத்தையும் பிழியலாம். ஒரு பயிரை மட்டும் நம்பி நிற்கும் ஒயின் சாலைக்கு இவ்வசதி இல்லை. எந்த மதத்தாரும் மனங்கூசாமல் தம் குழந்தைக்கு வாங்கிக் கொடுக்கும் பொருள் என்பது இதன் தனிச்சிறப்பு.

துணிந்தவர்க்கே லாபம், அஞ்சியவர்க்கு என்றும் நெல்லும் கடனுமே என்று சிலர் கூறலாம். கம்பத்தில் முதற்கொடி நட்டவரும் துணிந்தவரே என்பது மெய். ஆனால் அவர் நட்டது சந்தையில் விற்கக்கூடிய பழம். ஒயின் செய்வோரின் லாபம் பெரிதென்று சொல்வதும் மெய். அந்த லாபம் தம் வாசலில் தாமே விற்கும் உரிமையிலிருந்து பிறப்பது. அவ்வுரிமை இல்லாத நாட்டில் செலவு மட்டும் முழுதாய் வந்து சேரும், லாபம் வந்து சேராது. என்றேனும் சட்டம் மாறிக் குடியானவர்க்கு அவ்வுரிமை கிட்டுமாயின், அப்போது நன்கு வளர்ந்த கொடிகளும் பழகிய கைகளும் உடையவர் மற்றவரினும் முன்னே நிற்பர். கொடியை முதலில் கற்றவர் காத்திருப்பதால் இழப்பது ஒன்றுமில்லை.

செய்யத்தக்கவை

திராட்சையில் விருப்பமுள்ள நிலச்சுவான்தார்கள் முதலில் மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதிக்கச் செய்தல் வேண்டும். கால் ஏக்கர், அரை ஏக்கருக்கு மேல் முதலில் நடலாகாது. பாகல், புடலைப் பந்தல் போட்டுப் பழகிய தோட்டங்களையே தெரிந்தெடுத்தல் நலம். தூணும் கம்பியும் வீணாகா, கவாத்துக்குக் கையும் பழகும். நடுமுன் ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்திற்கும் சுருளிப்பட்டித் தோட்டங்களுக்கும் கவாத்துக் காலத்தில் ஒரு முறையும் அறுப்புக் காலத்தில் ஒரு முறையும் சென்று பார்த்து வருதல் அவசியம். அறுப்பை மட்டும் பார்த்துத் திரும்புவோர் குலையை மட்டுமே காண்பர், உழைப்பைக் காணார். இரண்டு சாரற் பருவங்களைக் கடந்து கொடி நோயின்றி நின்றபின் பரப்பை விஸ்தரிக்கலாம். அதற்கும் குடியிருக்கும் வீட்டையோ நெல் விளையும் நஞ்சையையோ ஈடு வைக்கலாகாது.

கிராம அதிகாரிகளின் கடமையும் சிறிதன்று. வீட்டில் ஒயின் செய்து விற்கலாமென ஆசை காட்டுவோர் வந்தால், அது சட்ட விரோதமென்பதைக் குடிகளுக்குத் தெளிவாய் உணர்த்த வேண்டும். பழத்தை வாங்கிக்கொள்வதாக வாக்களிக்கும் கம்பெனிகளின் ஒப்பந்தங்களில், கம்பெனி பழம் எடுக்கத் தவறினால் நஷ்டம் யாரைச் சேரும் என்ற வாசகம் உள்ளதா என்று கையெழுத்திடுமுன் பார்த்துச் சொல்ல வேண்டும். அவ்வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில் நஷ்டம் முழுதும் குடியானவர்க்கே என்று கொள்ளலாம்.

வேளாண்மை, தோட்டக்கலை இலாகாக்கள் கடையநல்லூருக்குக் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரு சோதனைத் தோட்டங்களை மூன்றாண்டு நடத்தி, இரண்டின் வரவு செலவையும் மறைவின்றி வெளியிடுதல் தகும். அதன்பின் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் மூலம் பொதுப் பழச்சாற்றுச் சாலை அமைப்பதற்கு முதலுதவி செய்யலாம். பிரிட்டனில் ஐந்து தோட்டங்களுக்கு ஒரு சாலை இருப்பதுபோல, இங்கு ஐம்பது தோட்டங்களுக்கு ஒரு சாலை இருந்தாலும் போதுமானதே.

மேனாட்டுக் குடும்பம் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து கண்ட பலனை ஒன்பது மாதத்தில் காண விரும்புவதும், அக்குடும்பத்திற்கு இருந்த மண்ணும் கையிருப்பும் விற்பனை உரிமையும் இன்றி அதன் புட்டியை மட்டும் காப்பியடிக்க முயல்வதும் கடையநல்லூர்க் குடியானவர்க்கு உதவா. கார் போகத்தின் நாற்றை எப்போது விடுவதென்று வானத்தைப் பார்த்து நிர்ணயிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். அதே நிதானத்தோடு இதனையும் ஆராய்ந்து, அரை ஏக்கரில் கொடியும் பொதுச் சாலையில் பழச்சாறும் என்ற அளவோடு தொடங்குவார்களாயின், விற்காத ஆண்டு வந்தாலும் நிலம் கைவிட்டுப் போகாது.